காற்றைத் துரத்திய ஞாயிறு

"உன் காத்துகூட இந்த வாசல்ல படக்கூடாது, சொல்லிட்டேன்."

தை மாதத்தில் ஒரு நாள் பிரபாகரன் தன் மகள் நிவேதாவிடம் இப்படிச் சொன்னார். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. பொன்னேரியில் பதிவுத் திருமணம் முடித்து, மாலையைக்கூடக் கழற்றாமல் சாம்சனோடு பைக்கில் வந்து இறங்கியிருந்தாள் அவள். பெரியபாளையத்துக்கு மேற்கே தாமரைக்கேணி என்ற சிற்றூரில் பிரபாகரனுக்கு நான்கு ஏக்கர் நஞ்சை. மகள் மீன் பிடிக்கிறவனை, அதிலும் மாதா கோயிலுக்குப் போகிறவனைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் மனைவி சுதா அழுவது தெருவரை கேட்டது. அன்று திரும்பும் வழியெல்லாம் நிவேதா சாம்சனின் முதுகில் முகத்தை வைத்தபடியே வந்தாள்.

பழவேற்காட்டுக் கடலோரத்தில் சாம்சனின் ஊரான லைட்ஹவுஸ் குப்பத்தில் அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. அழவிடவும் அந்த வீட்டில் யாருமில்லை. மாமியார் பிலோமினா வாய் ஓயாதவள். கருவாடு காயப்போடும்போதும், வலைக்காரர்களோடு சண்டை பிடிக்கும்போதும், ஜெபமாலை சொல்லும்போதும் அவள் குரல் ஒரே உயரத்தில்தான் இருக்கும். மருமகள் வந்த முதல் வாரத்திலேயே, "கண்ணு, இங்க உப்புக்குப் பஞ்சமில்ல. நீ வேற கண்ணீரைக் கொட்டாத" என்று சொல்லிவிட்டாள்.

நிவேதாவையும் சாம்சனையும் சேர்த்துவைத்ததே காற்றுதான் என்று சொல்லலாம். நிவேதா கல்லூரியில் புவியியல் படித்தவள். கடைசி வருடம், வகுப்போடு பழவேற்காட்டுக்கு வந்து, ஏரியில் காற்றின் வேகத்தை அளந்தார்கள். அவர்கள் ஏறிய படகு சாம்சனுடையது. காற்றில் பிடித்தால் சுற்றும் கிண்ணங்கள் வைத்த ஒரு கருவியை அவள் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இங்க காத்து எப்போ திரும்பும்?" என்று கேட்டாள். சாம்சன் தண்ணீரைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், அவள் மடியிலிருந்த சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தான். "நீங்க அதைத் தொறக்கிறதுக்குள்ள" என்றான். அவள் சிரித்துக்கொண்டே மூடியைத் திருகினாள். கருவி நின்றது, கொஞ்சம் தயங்கியது, பிறகு கிழக்கிலிருந்து வந்த குளிர்ந்த காற்றில் விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. அன்று அவள் புளிசாதத்தில் பாதியைப் படகோட்டிதான் சாப்பிட்டான்.

இனி நான் சொல்லவந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஜூன் மாதம். ஞாயிறு என்பதால் குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை. பூசை முடிந்து வந்து, சாம்சன் வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த பழைய வலைப் பந்தலின் கீழே படுத்துக்கிடந்தான். மேல்காற்று வீசிக்கொண்டிருந்தது. மேற்கே காய்ந்த நிலமெல்லாம் கடந்து வரும் அந்தக் காற்று, அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி முகத்தில் அடித்தது. நிவேதா தன் அம்மாவோடு போனில் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிரபாகரன் வயலுக்குப் போன நேரம் பார்த்து சுதா அடிக்கடி கூப்பிடுவாள்.

"இன்னா சொல்றாங்க உங்கம்மா?"

"அறுத்த நெல்லைக் களத்துல கொட்டிக் காயவெச்சிருக்காங்களாம். கூலிக்கு இன்னைக்கு ஆளு வரல. நைனா சாப்பிடக்கூட வராம அங்கயே உக்காந்திருக்காராம். சாயங்காலம் கீழ்க்காத்து வந்தாத்தான் அவருக்கு உசுரு வரும். வரப்புல சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்துடுவாரு." கொஞ்சம் நிறுத்தி, குறும்பாகச் சொன்னாள்: "அது உங்க ஊரு காத்துதான்."

சாம்சன் எழுந்து உட்கார்ந்தான். "எங்க ஊரு காத்தா? கடல்காத்து ஏரியைத் தாண்டுறதுக்குள்ள பாதி செத்துடும். பொன்னேரி போனா முழுசும் காலி. உங்க ஊருக்கு எப்படிப் போவும், பஸ் ஏறியா?"

"நடந்துதான். மெதுவா."

"சான்ஸே இல்ல."

"பந்தயமா? தோத்தவங்க ஒரு வாரம் பூரா மீன் ஆயணும்."

நிவேதாவுக்கு இன்னும் சங்கரா மீனின் செதிலைச் சரியாகச் சுரண்ட வராது. சாம்சனுக்கு ஜெயித்துவிட்டதுபோலவே இருந்தது. "பந்தயம். ஆனா எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

"பின்னாடியே போய்ப் பார்க்கலாம்."

கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த பிலோமினா நிமிர்ந்தாள். "மாதாவே! மீனைத் துரத்துறவனுங்களைப் பார்த்திருக்கேன். காத்தைத் துரத்துற ஜோடியை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். தண்ணி பாட்டில் எடுத்துக்கினு போங்க."

வெயில் உச்சிக்கு ஏறிக் கொஞ்ச நேரத்தில் மேல்காற்று களைத்து நின்றது. குப்பம் முழுவதும் ஒரு கணம் அசைவற்றுப் போனது. தெற்கே தொலைவில் தெரியும் அனல்மின் நிலையப் புகைபோக்கியின் புகை, காலையிலிருந்து கடல் பக்கமாகச் சாய்ந்திருந்தது, இப்போது நேராக நின்றது. பிறகு கடல்மேல் ஒரு கருநீலக் கோடு தோன்றி, கரையை நோக்கி விரிந்து வந்தது. மணலில் முதல் குளிர்ச்சி பட்டது. புகை மெல்ல மேற்கே திரும்பிச் சாய்ந்தது.

"ஏறு!" என்றான் சாம்சன்.

பாலத்தைத் தாண்டி, ஏரியை ஒட்டிய சாலையில் போகும்போது காற்று அவர்களுக்கு முன்னே போய்விட்டது போலிருந்தது. பழவேற்காடு கடைத்தெருவில் துணிகள் மேற்குப் பக்கமாக ஆடின. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியதும் திடீரென்று, கதவு திறந்து அடுப்படிக்குள் நுழைந்ததுபோல, அனல் முகத்தில் அடித்தது. சாம்சன் பிரேக் போட்டான்.

"தாண்டிட்டோம்! காத்தைத் தாண்டி வந்துட்டோம்!"

"திருப்பு, திருப்பு!"

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே கொஞ்ச தூரம் போனார்கள். குளிர்ச்சி. மறுபடி திருப்பினார்கள். அனல். இந்த விளையாட்டில் சாம்சனுக்கு ஒரே குதூகலமாகிவிட்டது. இருபது வருடமாகக் காற்றோடு வாழ்கிறவன், காற்றுக்கு இப்படி ஒரு நெற்றி இருக்குமென்று, அதைத் தொட்டுப் பார்க்கலாமென்று அவன் நினைத்ததேயில்லை. எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஒரே இடத்தில் நாலு தடவை போய் வந்த பைக்கைப் பார்த்து, "இன்னா தொலைச்சீங்க?" என்று கத்தினாள். "ஒண்ணுமில்லக்கா, கெடைச்சுடுச்சு!" என்று கத்தினாள் நிவேதா.

பொன்னேரியைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். காற்றை ரொம்பவே முந்திவிட்டிருந்தார்கள். கடைக்காரர் தருமலிங்கம் வியர்வையில் குளித்துக்கொண்டு பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். டீயைக் குடித்து முடித்தும் இருவரும் கிளம்பாமல் கிழக்கே பார்த்தபடி இருக்கவே, "யாருக்குத் தம்பி வெயிட்டிங்?" என்றார்.

"காத்துக்கு."

"எந்தக் காத்து? பேரா அது?"

"கடல்காத்துண்ணே. பின்னாடி வந்துகினு இருக்குது."

தருமலிங்கம் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் சாம்சனைப் பார்த்தார்கள். சாம்சன் சங்கடத்தோடு நிவேதாவைப் பார்த்தான். "எல்லாம் இவ வேலை. சொல்லு நிவி. அது எதுக்கு உள்ள வருது? கடல்லயே இருந்தா இன்னா?"

நிவேதா பால் பாத்திரத்தைக் காட்டினாள். "அதைப் பாரு. அடியில அடுப்பு. சுட்ட பால் மேல வருது, ஓரத்துக்குப் போவுது, ஆறுது, கீழ எறங்கி மறுபடி அடுப்புகிட்ட வருது. காத்தும் அதேதான். மண்ணு வெயில்ல சீக்கிரம் சுட்டுடும். தண்ணி மெதுவாத்தான் சுடும்."

"அது சரி. மணல்ல கால் வைக்க முடியாது, தண்ணியில எறங்குனா ஜில்லுனு இருக்கும்."

"அந்த மண்ணு மேல இருக்கிற காத்து சூடாகி, லேசாகி, மேல ஏறிடுது. இங்க காத்து கொறையுது. கடல் மேல இருக்கிறது கனமான காத்து. கொறைஞ்ச எடத்தைப் பார்த்து அது ஓடிவருது. ராத்திரி மண்ணு சீக்கிரம் ஆறிடும், அப்போ தலைகீழா நடக்கும்."

"அதான் விடியல்ல கரைக்காத்து நம்மள கடலுக்குத் தள்ளுது." சாம்சன் தொடையில் தட்டிக்கொண்டான். "அப்போ இந்த மேல்காத்து? அதை எவன் அனுப்புறான்?"

"அதுக்கு அடுப்பு ரொம்பப் பெருசு. பூமியோட இடுப்பைச் சுத்தி வெயில் நேரா விழுது. அங்க காத்து மேல ஏறி, வடக்கயும் தெற்கயும் போய், தூரத்துல கீழ எறங்குது. எறங்குற எடத்துல மேகம் கட்டாது. அங்கதான் பெரிய பாலைவனமெல்லாம் இருக்குது. எறங்குனது தரையோட தரையா மறுபடி நடுவுக்குத் திரும்புது. ஆனா நேரா வராது. நீ படகைத் திருப்பிக்கினே கரையில இருக்கிறவனுக்குக் கயிறு வீசுனா இன்னா ஆவும்?"

"தள்ளிப் போய் விழும்."

"பூமியும் திரும்பிக்கினே இருக்குது. அதனால காத்தும் வளைஞ்சு போவுது. கோடையில நம்ம நாடு மொத்தமும் சுட்டுப் போச்சுன்னா, அடுப்பே வடக்க நகர்ந்து வந்த மாதிரி. மடகாஸ்கர் பக்கத்துலேர்ந்து காத்து கெளம்பி, நடுக்கோட்டைத் தாண்டி, வளைஞ்சு, கேரளா மலையில மோதி, தண்ணியெல்லாம் அங்க கொட்டிட்டு, வெறுங்கையோட நம்ம பக்கம் எறங்குது. அதான் உன் மேல்காத்து."

"அவனுக்கு மழை, நமக்கு அனலா!" என்றார் தருமலிங்கம்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன், கடை முன்னால் சரமாகத் தொங்கிய ஷாம்பு பாக்கெட்டுகள் அசைந்தன. கிழக்கே புளியமரம் சலசலத்தது. பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து சாலைக்கே போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். குளிர்ந்த காற்று கடைக்குள் புகுந்தது. அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு, தருமலிங்கத்தின் நனைந்த பனியனுக்குள்ளும் நுழைந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"டீக்குக் காசு வேணாம்பா," என்றார். "நாளைக்கும் இட்டுக்கினு வா."

பெரியபாளையம் போகும் வழியில் இருக்கும் ஆரணிக்கு வந்தபோது சாம்சன் தோற்றுவிட்டிருந்தான். அங்கேயும் அவர்கள் நின்றார்கள், அங்கேயும் காற்று வந்து சேர்ந்தது. முன்பைவிட மெல்ல, கடலின் உப்பு வாசனை இல்லாமல், ஆனால் அதே காற்று. அது தாண்டி மேற்கே போன பிறகும் இருவரும் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். "ஒரு வாரம் நான் மீன் ஆயறேன். போதுமா?" என்று சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பப் போனான். நிவேதா அவன் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"சாம்சன், அங்க பாரு."

மேற்கே, பெரியபாளையத்துக்கும் அப்பால், வெள்ளையாக ஒரு மேகம் நின்றது. நின்றது என்பது தவறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உயர்ந்தது. அடிப்பாகம் கறுத்து, மேலே மேலே பூத்துக்கொண்டே போனது.

"ரெண்டு காத்தும் அங்க முட்டிக்குது," என்றாள். "உங்க காத்தும் மேல்காத்தும். முட்டுனா போறதுக்கு வேற வழியில்ல, மேலதான் ஏறும். ஈரம் இருக்குது, கட்டிடும். அது எங்க ஊரு பக்கம். களத்துல நெல்லு!"

அம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாவின் எண்ணைத் தொட விரல் போய்த் தயங்கியது. தொட்டாள். அவர் எடுக்கவில்லை.

"போவலாம்," என்றான் சாம்சன்.

"நைனா இருக்காரே..."

"அவருக்குத்தான் என் மேல கோவம். நெல்லுக்கு இல்ல."

அவன் ஓட்டியது அதுவரை ஓட்டியது போலில்லை. தாமரைக்கேணிக்குள் நுழையும்போது வெயில் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவர்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்த கிழக்குக் காற்று இதமாக வீசியது. களத்தில் பிரபாகரன் சட்டையைக் கழற்றி மோட்டார் கொட்டகை மேல் போட்டுவிட்டு, பொன்னாகப் பரந்து கிடந்த நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் அப்படியே நின்றார். முகம் இறுகியது.

"நைனா, மழை வருது. நெல்லை மூடணும்."

"மழையா? காத்து கீழ்க்காத்து. வெயில் அடிக்குது. யாரு உன்னை..."

அப்போது மேற்கே உறுமல் கேட்டது. தென்னந்தோப்புக்கு மேலே கறுப்பு எட்டிப் பார்த்தது. பிரபாகரன் மண்வெட்டியை எடுத்தார்.

அதன்பிறகு யாரும் யாரோடும் சண்டை பிடிக்க நேரமில்லை. மூன்று பேரும் நெல்லை நடுவுக்குத் தள்ளிக் குவித்தார்கள். சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்த சுதா மகளைப் பார்த்து ஒரு கணம் மார்பில் கை வைத்துக்கொண்டாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு அவளும் குனிந்தாள். பிரபாகரன் கொட்டகையிலிருந்து பெரிய தார்ப்பாயை இழுத்து வந்து கிழக்கு ஓரத்தில் கல் வைக்கத் தொடங்கினார்.

"மாமா, அந்தப் பக்கம் வேணாம்!" சாம்சன் கத்தினான். "மேக்கால கட்டணும்!"

"காத்து கெழக்கேர்ந்து அடிக்குதுய்யா!"

"இப்போதான் மாமா! மழை விழுறப்போ அந்த மேகத்துலேர்ந்துதான் அடிக்கும். கடல்ல பார்த்திருக்கேன், மல்லாத்திப் போட்டுடும்!"

"மேல ஏறுன காத்து ஜில்லுனு ஆகிக் கீழ விழும் நைனா!" என்று நிவேதாவும் கத்தினாள்.

பிரபாகரன் இருவரையும் பார்த்தார். பிறகு கல்லைத் தூக்கிக்கொண்டு மேற்குப் பக்கம் ஓடினார். சாம்சன் பைக்கிலிருந்த நைலான் கயிற்றை உருவி, தார்ப்பாயின் வளையங்களில் கோத்து, கொட்டகைத் தூணிலும் வேப்பமரத்திலும் இழுத்துக் கட்டினான். அவன் விரல்கள் போன வேகத்தைப் பிரபாகரன் கவனித்தார். கடைசி முடிச்சு இறுகியதும் கிழக்குக் காற்று சட்டென்று நின்றது. இலை அசையவில்லை. அடுத்த மூச்சில் மேற்கிலிருந்து காற்று வந்து மோதியது. கொட்டகை மேல் கிடந்த பிரபாகரனின் சட்டை எழும்பிப் பக்கத்து வயலைப் பார்த்துப் பறந்தது. தார்ப்பாய் படபடவென்று அடித்து, உப்பி, கயிற்றை இழுத்துப் பார்த்தது. முடிச்சு அசையவில்லை. முதல் துளி விழுந்தது, புழுதி மணத்தது, பிறகு வானமே இறங்கி வந்தது.

நான்கு பேரும் மோட்டார் கொட்டகைக்குள் ஒண்டினார்கள். இடம் போதவில்லை. பிரபாகரனும் சாம்சனும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். சுதா மகளின் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

பிரபாகரன் தூணில் இருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "இது இன்னா முடிச்சு?"

"நங்கூரத்துக்குப் போடுறது மாமா. இழுக்க இழுக்க இறுகும். அவுக்கணும்னா ஒரு விரல் போதும்."

"எனக்குக் காட்டு."

சாம்சன் அவிழ்த்து, மறுபடி மெதுவாகப் போட்டுக் காட்டினான். பிரபாகரன் போட்டார், தப்பு. மறுபடி போட்டார். மூன்றாவது தடவை சரியாக வந்தது. தன்னையறியாமல் மருமகனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"மழை வருதுன்னு அவ்ளோ தூரத்துலேர்ந்து எப்படித் தெரிஞ்சது?"

நிவேதா எல்லாவற்றையும் சொன்னாள். பந்தயத்தை, எருமை மேய்த்த பெண்ணை, டீக்கடையை. அப்பா வரப்பில் உட்கார்ந்து வாங்கும் காற்று லைட்ஹவுஸ் குப்பத்து மணலைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது என்பதையும் சொன்னாள். சுதாதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"இன்னாடி சிரிப்பு?"

"இவங்க காத்துகூடப் படக்கூடாதுன்னு கதவைச் சாத்துனீங்களே! தெனம் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு அதைத்தான் ஆசை ஆசையா வாங்கிக்கினு இருந்தீங்க!"

பிரபாகரன் முறைக்கப் பார்த்தார். முடியவில்லை. மீசைக்கு அடியில் தொடங்கிய சிரிப்பு வயிற்றுக்கு இறங்கியது. சட்டையில்லாத அந்த வயிறு குலுங்குவதைப் பார்த்து மற்ற மூவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நிவேதாவுக்கு அழுகை வந்தது. "நைனா" என்று மட்டும் சொன்னாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். "வூட்டுக்கு வாங்க. ஈரத்தோட நிக்காதீங்க" என்றார் இருவரையும் பார்த்து.

அன்றிரவு அவர்கள் அங்கேயே தங்கினார்கள். நெல் ஒரு மரக்கால்கூட நனையவில்லை.

ஆடி மாதம் பிரபாகரனும் சுதாவும் ஒரு மூட்டை அரிசியோடு பஸ் ஏறி லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்தார்கள். பிலோமினா மூன்று வகை மீனும் இறாலும் சமைத்துவைத்து, சம்பந்தி வெறும் ரசம் போதுமென்று சொன்னதைக் காதிலேயே வாங்காமல் பரிமாறினாள். அவர் இரண்டாம் தடவை இறால் கேட்டபோது வெற்றியோடு சுதாவைப் பார்த்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு சாம்சன் பக்கத்து வீட்டுப் பாய்மரப் படகைக் கேட்டு வாங்கி, மாமனாரை ஏரிக்குள் அழைத்துப் போனான்.

பிரபாகரன் அதுவரை படகில் ஏறியதில்லை. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் உட்கார்ந்தார். "ஆடிக்காத்துல அம்மியே பறக்கும், பார்த்து!" என்று பிலோமினா கரையிலிருந்து கத்தினாள். சாம்சன் பாயை விரித்தான். கடற்காற்று அதை நிரப்பியது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. எஞ்சின் சத்தம் எதுவுமில்லை, அடியில் தண்ணீர் ஓடும் சலசலப்பு மட்டும்தான். பிரபாகரன் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொன்றை. தூரத்தில் வெள்ளைப் பறவைகள் கூட்டமாக எழும்பின.

அவர் தோளில் கிடந்த புதுத் துண்டு பறந்து போய்த் தண்ணீரில் விழுந்தது.

"மாமா, துண்டு!" சாம்சன் படகைத் திருப்பச் சுக்கானைப் பிடித்தான்.

"போனா போவட்டும்யா!" பிரபாகரன் பலகையை விட்டுவிட்டு எழுந்து நிற்கப் பார்த்தார். "நிறுத்தாத! இன்னும் கொஞ்சம் வேகமா வுடு!"